17 பேர் இருக்கும் ஒர்க்ஷாப்புக்கு மருத்துவக் காப்பீடு: இஎஸ்ஐ போதுமா, குரூப் பாலிசியும் வேண்டுமா?

(இந்த உரையாடல் 2025 ஆயுதபூஜை சமயத்தில் நடந்தது. இதில் வரும் இஎஸ்ஐ, இழப்பீட்டுச் சட்ட விதிகள் அன்றைக்கு இருந்தவை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டங்களின் இடத்தில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது.)

குறிச்சி_விஎம்சி கேட்டது:

வணக்கம். கோவையில் குறிச்சி சிட்கோ பக்கம் சின்னதாக ஒரு மெஷினிங் ஒர்க்ஷாப் நடத்துகிறேன். இரண்டு விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்), மூன்று சிஎன்சி லேத், மீதி அப்பா காலத்து லேத்துகள். பம்ப் கம்பெனிகளுக்கும் வால்வு கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க். என்னைச் சேர்க்காமல் 17 பேர். 11 பேருக்கு இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு) கட்டுகிறோம். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதால் மற்ற 6 பேர் அதில் வரவில்லை (புரோகிராமர், செட்டர் இரண்டு பேர், குவாலிட்டி பார்க்கும் பொண்ணு, கணக்கர், சூப்பர்வைசர்).

இந்த ஆறு பேரில் ஒருத்தருக்குக்கூட சொந்தமாகப் பாலிசி இல்லை என்பது எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. ஒரு செட்டரின் பையனுக்கு டெங்கு, தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், என்னிடம் 60,000 முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். மாதம் 3,000 பிடித்துக்கொண்டு வருகிறேன். பிடிக்கிற ஒவ்வொரு மாதமும் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

அதனால் ஏஜென்ட் ஒருவரிடம் கோட்டேஷன் கேட்டேன், மூன்று கொடுத்தார். 17 பேருக்கும் ஆளுக்கு 2 லட்சம், குடும்பம் சேராமல், 38,000. அந்த 6 பேருக்கு மட்டும் மனைவி அல்லது கணவர், இரண்டு குழந்தைகளோடு 3 லட்சம் என்றால் 62,000. அதே 6 பேருக்குப் பெற்றோரையும் சேர்த்தால் 1,71,000. எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி தனி. மூன்றாவதைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, உண்மையில் அதற்காகத்தான் இங்கே வந்தேன். எங்கள் ஃபிட்டருக்கு 52 வயது, அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். இப்போது 20,400 வாங்குகிறார். இந்த 2025 ஆயுதபூஜைக்கு 23,000 ஆக்கலாம் என்று கூப்பிட்டுச் சொன்னால், "சம்பளத்த ஏத்தி என்னையக் கெடுத்துறாதீங்க தம்பி" என்கிறார். அவர் மனைவிக்குப் பத்து மாதமாக வாரம் மூன்று டயாலிசிஸ், இஎஸ்ஐ மூலமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் நடக்கிறது. 21,000 தாண்டினால் அது போய்விடும் என்று பயப்படுகிறார். சம்பள உயர்வு வேண்டாம் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்கு என்ன செய்வது, மற்றவர்களுக்கு எந்தக் கோட்டேஷனை எடுப்பது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆடிட்டர்_ஆபீஸ்_ஆள்:

முதலில் ஃபிட்டர் விஷயம், மீதியை அப்புறம் பார்ப்போம்.

அவர் பயம் நியாயமானது. ஆனால் நாளைக்கே நின்றுவிடும் என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இஎஸ்ஐயில் சந்தாக் காலம் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. ஒரு சந்தாக் காலம் தொடங்கும்போது 21,000க்குள் இருந்தவர் நடுவில் தாண்டினாலும் அந்தக் காலம் முடிகிற வரைக்கும் உள்ளேதான் இருப்பார். கூடின சம்பளத்துக்கும் சேர்த்தே சந்தா கட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே உயர்வை அக்டோபர் சம்பளத்தில் போடாதீர்கள். அக்டோபர் 1 முதல் என்று போட்டால் அக்டோபர் 1 அன்றே வெளியே. நவம்பர் 1 முதல் என்று போட்டால் 2026 மார்ச் வரை சந்தா ஓடும்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு சந்தாக் காலத்துக்கும் மூன்று மாதம் தள்ளி ஒரு பலன் காலம் உண்டு. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி–ஜூன், அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்கு ஜூலை–டிசம்பர். 78 நாளுக்குக் குறையாமல் சந்தா போயிருந்தால் அந்தப் பலன் காலம் முழுக்க வைத்தியம் உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்து. ஆக ஒரு மாதம் தள்ளிப் போட்டால் 2026 டிசம்பர் வரை அந்த அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கும். அக்டோபரிலேயே போட்டால் 2026 ஜூனோடு முடிந்துவிடும். ஆயுதபூஜைக்குச் சாமி கும்பிட்டுக் கையில் கவர் கொடுக்கிற பழக்கத்தில் பல முதலாளிகள் இந்த ஒரு மாதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்று. ஓவர்டைம் சேர்ந்து 21,000 தாண்டினால் பயப்படாதீர்கள். ஓவர்டைமுக்குச் சந்தா உண்டு, ஆனால் வரம்பைக் கணக்குப் பார்க்கும்போது அதைச் சேர்ப்பதில்லை.

---

பனியன்_ஊர்:

திருப்பூரில் இருந்து. எங்களிடம் 40 பேர். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷம் முன்னால் ஆபீஸ் ஆட்கள் 9 பேருக்கு இருப்பதிலேயே விலை குறைந்த குரூப் பாலிசியாகப் பார்த்து எடுத்தேன், 3 லட்சம். ரொம்பப் பெருமையாக எல்லாரையும் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்து லட்டும் கொடுத்தோம். ஆறு மாதத்தில் எங்கள் மெர்ச்சன்டைசருக்குப் பித்தப்பைக் கல், ஆபரேஷன். நான்கு நாள், மொத்த பில் 1,74,000. மூன்று லட்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். வந்தது 1,17,000. மீதி 57,000 அவர் கையிலிருந்து போனது.

காரணம் அறை வாடகை. பாலிசியில் ஒரு நாள் அறைக்குக் காப்புத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000தான். அவர் இருந்தது 6,000 ரூபாய் அறை. சரி, அறைக்குப் பாதி போகும், 12,000 நஷ்டம் என்று நாம் நினைப்போம் இல்லையா? அப்படி இல்லை. அறையில் பாதிக்குத்தான் தகுதி என்றால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்கிவிடுகிறார்கள். அதில் 90,000 இருந்தது, 45,000 போச்சு. மருந்துக்கும் டெஸ்டுக்குமான 60,000 மட்டும் முழுசாக வந்தது.

அந்த 9 பேரில் ஒருத்தர்கூட இப்போது என் வாயிலிருந்து வரும் இன்சூரன்ஸ் என்ற சொல்லை நம்புவதில்லை. அடுத்த வருஷ ரினியூவலுக்கு பிரீமியத்தையும் ஏற்றிவிட்டார்கள், க்ளெய்ம் வந்துவிட்டதாம். நீங்கள் குரூப்பை விட்டுவிட்டு ஆளாளுக்குச் சொந்தப் பாலிசி எடுக்கச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. குரூப்புக்கு மட்டும் 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. உங்கள் 62,000க்கு 11,160 வரி மட்டும்.

---

கோவை_ஏஜென்ட்_நம்பர்_1:

சார் எல்லா கம்பெனியும் பார்த்துத் தருகிறேன், இன்பாக்ஸ் வாங்க.

---

முன்னாள்_டிபிஏ:

மேலே இருப்பவர் எந்தக் கம்பெனி என்றுகூடச் சொல்லாமல் இன்பாக்ஸுக்குக் கூப்பிடுகிறார், போகாதீர்கள்.

நான் ஒரு டிபிஏவில் (இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக க்ளெய்ம் பார்க்கும் நிறுவனம்) க்ளெய்ம் மேசையில் எட்டு வருஷம் இருந்தேன். பனியன் அண்ணாவுக்கு நடந்ததைப் போல நாளைக்கு ஐந்தாறு ஃபைல் பார்த்திருக்கிறேன், அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அவர் சொன்ன கணக்கு சரி. மருந்து, உள்ளே வைக்கும் ஸ்டென்ட் மாதிரியான பொருள், பரிசோதனை, இவற்றில் இந்த விகிதாசாரக் கழிவு செய்யக் கூடாது என்று 2020இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொன்ன பிறகுதான் அந்த 60,000 மட்டுமாவது தப்பித்தது. ஐசியூவுக்கும் இந்தக் கழிவு கிடையாது. ஆனால் அதற்காகக் குரூப்பே வேண்டாம் என்று அவர் சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏன் என்றால், உங்கள் ஆறு பேரில் யாருக்காவது சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறதா? நாற்பது தாண்டிய ஆட்கள் இருந்தால் கட்டாயம் ஒருத்தருக்காவது இருக்கும். தனியாகப் பாலிசி கேட்டுப் போனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம், அதிக பிரீமியம் கேட்கலாம், இல்லை, மாட்டேன் என்றே சொல்லலாம். குரூப்பில் பெரும்பாலும் மெடிக்கல் டெஸ்ட் இல்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் வாங்க முடியும். வாங்க முடியும் என்றுதான் சொல்கிறேன், தானாக வராது. கோட்டேஷனில் "முன் இருக்கும் நோய் காத்திருப்பு தள்ளுபடி" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் 30 நாள் காத்திருப்பு, கண்புரை, ஹெர்னியா மாதிரியானவற்றுக்கான இரண்டு வருஷக் காத்திருப்பு, பிரசவத்துக்கான ஒன்பது மாதம், இவற்றுக்கும் அதே தள்ளுபடி வரிகள் தனித்தனியாக இருக்க வேண்டும். குவாலிட்டியில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னீர்கள், பிரசவத்துக்கு எவ்வளவு, பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்தே சேருமா என்று கேளுங்கள். இதெல்லாம் இருக்கும் கோட்டேஷன் 62,000ஐத் தாண்டித்தான் வரும், அதைப் பார்த்து ஏஜென்ட் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

அறை வாடகைக்கு வரம்பே வேண்டாம் என்று கேளுங்கள். கொஞ்சம் ஏறும், பரவாயில்லை. அதுவும் முடியாதென்றால் "தனி அறை, ஏசி, சாதாரண வகை" என்று அறையின் வகையை எழுதி வாங்குங்கள், ரூபாய்க் கணக்கில் வேண்டாம். 5 லட்சம் போட்டு 1 சதவீத வரம்பு வைப்பதைவிட 3 லட்சம் போட்டு வரம்பில்லாமல் வாங்குவது மேல் என்பது என் கருத்து. இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் இருப்பார்கள்.

ஆஸ்பத்திரிப் பட்டியலையும் நீங்கள் பார்க்காதீர்கள், உங்கள் ஆட்களிடம் கொடுங்கள். பட்டியலில் பத்தாயிரம் ஆஸ்பத்திரி இருக்கும். நடுராத்திரி நெஞ்சு வலி வந்தால் போத்தனூர்க்காரர் எங்கே போவார், சுந்தராபுரத்துக்காரர் எங்கே போவார், அந்த இரண்டு மூன்று இடம் கேஷ்லெஸில் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் வசதி) இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு, டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்தில் இறுதி அனுமதி என்று ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் இருக்கிறது. தாமதமானால் அதைச் சொல்லிக் கேளுங்கள், பல ஆஸ்பத்திரி கவுன்ட்டர்களில் அந்த ஒரு வாக்கியத்துக்கு நல்ல மரியாதை உண்டு.

கடைசியாக ஒன்று. குரூப்புக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். சில கம்பெனிகள் ஊழியர்களை மட்டும் எண்ணும், சில குடும்பத்தாரையும் சேர்த்து எண்ணும். உங்களுக்கு 6 ஊழியர்களுக்கு எப்படிக் கோட்டேஷன் கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சம்பந்தமில்லாத வேறு ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும் பெரிய பாலிசியில் உங்கள் ஆட்களைச் சொருகிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். க்ளெய்ம் வருகிற அன்றைக்குத்தான் தெரியும். மாஸ்டர் பாலிசியில் (மொத்தக் குரூப்புக்குமான மூலப் பத்திரம்) உங்கள் ஒர்க்ஷாப் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

---

பனியன்_ஊர்:

தங்கச்சி சொல்வது புரிகிறது, காத்திருப்புக் காலம் பற்றி நான் யோசிக்கவில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டருக்குத் தனியாகக் கேட்டபோது இரண்டு இடத்தில் மறுத்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் குரூப் வருஷா வருஷம் விலை பேசுகிற சமாச்சாரம், ஆறு பேரில் ஒருத்தருக்கு மூன்று லட்சம் போனால் அடுத்த வருஷம் பிரீமியம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

---

முன்னாள்_டிபிஏ:

அது உண்மைதான் அண்ணா. கட்டியது 62,000, க்ளெய்ம் 3 லட்சம் என்றால் ரினியூவலில் நன்றாகவே ஏற்றுவார்கள். அப்போது வேறு கம்பெனியிடம் போய்க் கேட்கலாம், ஆனால் அவர்களும் மூன்று வருஷ க்ளெய்ம் விவரம் கேட்பார்கள். முதல் வருஷக் கோட்டேஷனை வைத்து ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போடக் கூடாது.

---

சம்பளக்காரன்:

முதலாளிகளும் ஆடிட்டரும் டிபிஏவும் பேசுகிறீர்கள், சம்பளம் வாங்குகிற ஒருத்தன் பேசலாமா.

அந்த 17 பேருக்கும் ஆளுக்கு 2 லட்சம், குடும்பம் இல்லாமல் என்கிற முதல் கோட்டேஷனைக் கிழித்துப் போடுங்கள். 28 வயதில் எனக்கு ஒரு கேடும் இல்லை. என் பிரச்சினை அப்பாவுக்கு இருக்கும் இதய அடைப்பு. போன கம்பெனியில் 5 லட்சம் பாலிசி கொடுத்தார்கள், அப்பா அம்மா கிடையாது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் தொடவில்லை, அவர்களும் வருஷா வருஷம் அதைச் சொல்லிக் காட்டி இன்க்ரிமென்டைக் குறைத்தார்கள்.

பெற்றோருக்கு ஆகும் பிரீமியத்தை நீங்களே கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குரூப்பில் சேர்த்துக்கொள்ள வழி மட்டும் பண்ணிவிட்டு அந்தப் பணத்தை எங்கள் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கு வெளியே யாரும் பாலிசி கொடுக்க மாட்டார்கள், அதனால் வருஷம் 18,000 என்றாலும் நான் தருவேன்.

இஎஸ்ஐயில் இருக்கும் 11 பேரைப் பாவம் என்று நினைக்காதீர்கள், அந்த ஆறு பேரைவிட அவர்கள் நிலை மேல். நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு. டிஸ்பென்சரியில் உட்கார்ந்து ரெஃபரல் லெட்டர் வாங்குவதற்குள் ஒரு நாள் சம்பளம் போகும், அதை மறுக்கவில்லை.

---

ஆடிட்டர்_ஆபீஸ்_ஆள்:

தம்பி சொன்னதில் பாதிக்கு மேல் சரி. பெற்றோர் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். விரும்பியவர்கள் மட்டும் சேரலாம் என்றால் உடம்பு சரியில்லாத பெற்றோர் உள்ளவர்கள்தான் சேருவார்கள், அது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியும், விலையை அதற்கேற்ற மாதிரிதான் போடும். ஆறு பேரில் நான்கு பேராவது சேர்ந்தால்தான் ஒரு நியாயமான விலை பேச முடியும். சம்பளத்தில் பிடிப்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

இஎஸ்ஐ பற்றி ஒரு கணக்கு. 18,000 சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். ஊழியர் பங்கு 0.75, 135 ரூபாய். வருஷத்துக்கு உங்கள் கையிலிருந்து 7,020. இந்தப் பணத்துக்கு மொத்தக் குடும்பத்துக்கும் வைத்தியம், உடம்புக்கு முடியாமல் லீவு போட்டால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி, வேலையில் அடிபட்டால் 90 சதவீதம், பிரசவத்துக்கு 26 வாரம். எந்த மருத்துவப் பாலிசியும் படுத்திருக்கிறவனுக்குக் கூலி தராது. ஆகவே 11 பேருக்கும் மேலே ஒரு 2 லட்சம் போடும் பணத்தை ஆறு பேரின் பாலிசியை நல்லதாக வாங்கப் போடுங்கள்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கட்டும் பிரீமியம் தொழில் செலவுதான், ஊழியருக்கு அது சம்பளமாகக் கணக்காகாது. அவர்களே பாலிசி எடுத்து ரசீது கொடுத்து நீங்கள் அந்தப் பிரீமியத்தைக் கொடுத்தாலும் அப்படியே. சும்மா "இன்சூரன்ஸ் படி" என்று சம்பளத்தில் போட்டால் வரி வரும். குரூப்புக்குக் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்து நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழிக்க முடியாது, சட்டப்படி கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பாலிசி என்றால்தான் முடியும்.

---

வார்ப்படம்:

பவுண்டரிக்காரன். யாரும் சொல்லாத ஒன்று. இஎஸ்ஐயில் இல்லாத அந்த ஆறு பேரில் செட்டர்கள் மெஷினில் கை வைக்கிறவர்கள். வேலையில் ஒரு விபத்து நடந்தால் மருத்துவப் பாலிசி ஆஸ்பத்திரி பில்லை மட்டும் பார்க்கும். 1923ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டப்படி நஷ்டஈடு உங்கள் தலையில். 40 வயது ஆள் உயிரிழந்தால் சட்டக் கணக்கே 13,80,000க்குக் கொஞ்சம் மேல் வரும், அதுவும் சம்பளம் 15,000 என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இதற்கு டபிள்யூசி (தொழிலாளர் இழப்பீடு) பாலிசி என்று தனியாக உண்டு. மருத்துவப் பாலிசியோடு ஒப்பிட்டால் பிரீமியம் பெரிசாக இருக்காது. அதை முதலில் எடுங்கள். எங்கள் லைனில் பக்கத்து ஷெட்டில் விரல் போன ஒரு பையனுக்காக அந்த முதலாளி கார் விற்றதை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

---

மலைக்கோட்டை_77:

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் இலவசமாக இருக்கிறதே, எதற்கு இவ்வளவு செலவு?

---

ஆடிட்டர்_ஆபீஸ்_ஆள்:

அது குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருப்பவர்களுக்கு. இவர் ஆட்களில் 21,000 வாங்குகிறவருக்கு வருஷத்துக்கு 2,52,000 ஆகிவிடுகிறதே.

---

குறிச்சி_விஎம்சி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டிபிஏ அக்கா சொன்னபடி பழைய கோட்டேஷனை எடுத்து வரி வரியாகப் படித்தேன். அறை வாடகை 1 சதவீதம் இருக்கிறது, முன் இருக்கும் நோய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏஜென்டிடம் கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றதும் இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. இப்போது பொதுத்துறை கம்பெனி ஒன்றின் கிளை ஆபீசிலும் ஒரு புரோக்கரிடமும் புதிதாகக் கேட்டிருக்கிறேன். ஆறு பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். நான்கு பேர் பெற்றோருக்குத் தாங்களே கட்டுவதாகச் சொன்னார்கள். ஆச்சரியம், சூப்பர்வைசருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரையாம், இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. வார்ப்படம் அண்ணா சொன்ன பாலிசிக்கும் விலை கேட்டாயிற்று, ஒரு டூல் ஹோல்டர் விலைதான், இதை இத்தனை வருஷம் எடுக்காமல் எப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை.

ஃபிட்டர்தான் மசியவில்லை. நவம்பர் முதல் உயர்வு, அடுத்த டிசம்பர் வரைக்கும் வைத்தியம் இருக்கும் என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த டிசம்பருக்கு அப்புறம்?" என்றார். குரூப் பாலிசியில் சேர்ப்பேன் என்றேன். அதில் எவ்வளவு என்றார். 3 லட்சம். அவரே கணக்குப் போட்டார்: வாரம் மூன்று, வருஷத்துக்கு 156 தடவை, ஒன்றுக்கு 1,500 என்றாலே 2,34,000. "அவளுக்கு இடையில காய்ச்சல் வந்தா என்ன பண்றது தம்பி, எனக்கு ஏதாச்சும்னா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

---

முன்னாள்_டிபிஏ:

அவர் கணக்கு சரி, நான் மேசையில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டயாலிசிஸ் குடும்பத்துக்கு 3 லட்சம் பாலிசி போதாது, இஎஸ்ஐயை விடக் கூடாது. உங்கள் மொத்தக் குரூப்பின் ரினியூவலையும் அந்த ஒரு க்ளெய்மே தூக்கிவிடும். அவர் என்றைக்காவது வெளியே வர வேண்டியிருந்தால் அதற்காக இப்போதே ஒன்று செய்யுங்கள்: பாலிசியில் சேரத் தகுதியுள்ளவர்கள் என்ற இடத்தில், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களோடு "இஎஸ்ஐ வரம்பைத் தாண்டி வருகிறவர்களும்" என்று சேர்த்து எழுத வையுங்கள். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே ஏன் சேர்க்கவில்லை என்று நடுவருஷத்தில் மறுப்பார்கள்.

---

ஆடிட்டர்_ஆபீஸ்_ஆள்:

அப்படியானால் மாதச் சம்பளத்தைத் தொடவே வேண்டாம். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

இஎஸ்ஐ சட்டத்தில் ஊதியம் என்றால் மாதச் சம்பளம், அதோடு இரண்டு மாதத்துக்கு மேற்படாத இடைவெளியில் கொடுக்கும் கூடுதல் பணம். இரண்டு மாதத்துக்கும் அதிகமான இடைவெளியில் கொடுப்பது ஊதியக் கணக்கில் வராது. தீபாவளி போனஸுக்கு இஎஸ்ஐ பிடிக்காததும் இதனால்தான். நீங்கள் தர நினைத்தது மாதம் 2,600. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 7,800 ஆக, ஊக்கத்தொகை என்று கொடுக்கலாம். சம்பளம் 20,400இலேயே நிற்கும், அவர் உள்ளேயே இருப்பார்.

சொல்ல வேண்டிய கெட்டதையும் சொல்கிறேன். இது நிஜமான ஊக்கத்தொகையாக இருக்க வேண்டும், எதற்காக என்று (ரிஜக்‌ஷன் குறைவு, மெஷின் நிற்காமல் ஓடியது, புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது, ஏதாவது ஒன்று) ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வேண்டும், பேங்கில் போக வேண்டும். மாதா மாதம் கையில் கொடுத்துவிட்டு வவுச்சரில் மட்டும் மூன்று மாதம் என்று எழுதினால் இன்ஸ்பெக்ஷனில் நிச்சயம் மாட்டுவீர்கள், அபராதத்தோடு கட்ட வேண்டும். இன்னொன்று, இந்தப் பணம் அவர் கிராஜுவிட்டிக்கும் பிஎஃப்புக்கும் சேராது. 52 வயதுக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும். அடுத்த வருஷம் அடிப்படைச் சம்பளத்தில் 500 ஏற்ற இன்னும் இடம் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

---

குறிச்சி_விஎம்சி:

சொன்னேன் அண்ணா. கிராஜுவிட்டி குறையும் என்பதையும் சொன்னேன், அது தெரியும் என்று தலையாட்டினார். மூன்று புதுப் பையன்களுக்கு ஸ்கிரேப்பிங்கும் அலைன்மென்ட்டும் கற்றுக்கொடுப்பதற்காக என்று தாளில் எழுதினோம், உண்மையிலேயே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார், இத்தனை நாள் சும்மா செய்தார். அக்டோபரிலிருந்து கணக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், முதல் தவணை பொங்கலுக்கு முன்னாடி வந்துருமா தம்பி என்று. வந்துரும் என்றேன்.